வாடை சாட்சி ஆகுமா?

கேரளத்தின் பந்தளம் அரசுப் பேருந்துப் பணிமனையில் 2025 ஜூலையில் நடந்ததைப் பலரும் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். காலையில் பணிக்கு வந்த ஓட்டுநர்களை மூச்சுக் கருவியில் ஊதச் சொன்னார்கள். சொட்டுக்கூடக் குடிக்காதவர்களுக்கும் குடித்ததாகக் காட்டியது. அவர்கள் விடவில்லை. பணிமனைக்கு ஒருவர் கொண்டுவந்திருந்த நன்கு பழுத்த பலாச்சுளையைத் தின்றதுதான் காரணம் என்றார்கள். கருவியில் சுத்தமாகத் தேறிய ஒருவரைச் சுளை தின்னவைத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். அவருக்கும் 'போதை' காட்டியது. ஓட்டுநர்கள் தப்பித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் நம் பக்கத்துக் காலனியிலிருந்து போன பிள்ளைகளாக இருந்திருந்தால், பலாப்பழக் கதையை யார் காதுகொடுத்துக் கேட்டிருப்பார்கள்?

பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர்களின் பிள்ளைகள்தான் பிறகு காக்கிச் சட்டை போட்டார்கள். இடஒதுக்கீட்டில் கிடைத்த ஓட்டுநர், நடத்துநர் வேலைதான் எத்தனையோ தெருக்களுக்கு முதல் நிரந்தரச் சம்பளம். அந்த வேலை போனால் தங்கையின் நர்சிங் படிப்பும் பாதியில் நிற்கும் வீடும் கூடவே போகும். பச்சைத்தோல் வாடை அடிக்கிறதென்று பேருந்தில் தள்ளி உட்கார்ந்தவர்களை இந்தப் பகுதியில் பார்க்காதவர் யார்? மூக்கு இங்கே நெடுங்காலமாகச் சாதிக்கு வேலை செய்கிறது. 'குடிகாரப் பசங்க' என்ற பட்டமும் கருவி வருவதற்கு முன்பே எங்கள் தெருவுக்குக் கட்டப்பட்டது.

அரசுப் பேருந்துக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் 1997-ஐ நினைத்துப் பார்க்கட்டும். வீரன் சுந்தரலிங்கம் பெயரில் விருதுநகரில் போக்குவரத்துக் கழகம் அமைந்தபோது, அந்தப் பெயர் போட்ட பேருந்தில் ஏறமாட்டோம் என்று கிளம்பிய கலவரம் தென் மாவட்டங்களை உலுக்கியது. கடைசியில் எல்லாத் தலைவர்களின் பெயரையும் கழகங்களிலிருந்து அரசு எடுத்துவிட்டது. வேலூரின் பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் பெயரிழந்ததும் அப்படித்தான்.

ஆகவே ஊதும் கருவியே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. விடியற்காலைப் பேருந்தில் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் நம் வீட்டுப் பெண்கள். மேலாளரின் மூக்கைவிடக் கருவியின் எண் நமக்கு நல்லது. ஆனால் அந்த எண் முறையாக எடுக்கப்பட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1971-ல் பச்சுபாய் கர்யானி வழக்கில் உச்ச நீதிமன்றம், மது வாடை, தள்ளாட்டம், கண்மணி விரிவு, குழறல் எல்லாம் இருந்தாலும் ரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்படாதபோது குடித்ததாக முடிவுகட்ட முடியாது என்றது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டினால்தான் குற்றம் என்கிறது. மூச்சுக் கருவி அறிக்கையை மட்டும் வைத்துப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளியை நீக்கியது செல்லாது என்று தெலங்கானா உயர் நீதிமன்றமும் 2025-ல் சொன்னது. ஒன்றை மறைக்கக் கூடாது. அது குற்றவழக்குக்கான அளவுகோல், துறை விசாரணைக்கு அவ்வளவு ஆதாரம் தேவையில்லை என்று நிர்வாகத் தரப்பு வாதாடும். பணியிடத்தில் குடிபோதை என்பது நிலையாணைகளில் தனி ஒழுங்கீனம்தான்.

இன்னொரு கணக்கையும் தம்பிகள் தெரிந்துகொள்ள வேண்டும். டாஸ்மாக் கடை இரவு 10 மணிக்கு மூடும். அந்த நேரத்தில் ஒருவர் ஒரு குவார்ட்டரைக் குடித்து முடித்தால், அதில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் உள்ளே போகிறது. சராசரி உடல்வாகுள்ளவருக்கு ரத்தத்தில் அது மணிக்குச் சுமார் 15 மி.கி. வீதம்தான் இறங்கும். விடியற்காலை 4 மணி ஷிப்டுக்கு வரும்போதும் அவருக்கு 30-க்கு மேல் இருக்கலாம். தூங்கி எழுந்ததும் குளித்ததும் கணக்கில் வராது. அரசே விற்று, அரசே ஊதச் சொல்லி, அரசே வேலையைப் பறிக்கும் வேடிக்கை தனிக் கதை.

அதே கணக்கு குடிக்காதவரையும் காப்பாற்றும். தவறாகக் காட்டினால் உடனே வாயைக் கொப்பளித்துவிட்டு, 15 நிமிடம் எதுவும் தின்னாமல் இருந்து, மறுபடி ஊத வேண்டும் என்று கேளுங்கள். வாயில் தங்கிய மருந்தோ மவுத்வாஷோ பழமோ அதற்குள் பெரும்பாலும் கலைந்துவிடும். எண்ணும் நேரமும் அச்சான சீட்டின் நகலை வாங்குங்கள். கருவி கடைசியாக எப்போது அளவு சரிபார்க்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு தாமதிக்காமல் ஆம்பூர் அரசு மருத்துவமனைக்கோ அடுக்கம்பாறைக்கோ போய் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். மதியம் போனால் பயனில்லை. குடித்தவர் ரத்தமும் அதற்குள் தெளிந்திருக்கும், குடிக்காதவர் சொல்லும் எடுபடாது. மிரட்டி எழுதி வாங்கும் 'மன்னிப்புக் கடிதம்' மட்டும் வேண்டாம்.

சங்கங்களிடம் எனக்குக் குறை உண்டு. அகவிலைப்படிக்குக் கொடி பிடிப்பவர்கள், குடிப் புகாரில் நீக்கப்பட்டவர் விஷயம் என்றால் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். அதிலும் அவர் காலனிக்காரர் என்றால் "பார்க்கலாம்பா" என்பதோடு சரி. அடுத்த ஊதிய ஒப்பந்தத்தில் இரண்டாவது ஊதலும் ரத்தப் பரிசோதனையும் தொழிலாளியின் உரிமை என்று ஒரு வரி சேர்க்க எந்தச் சங்கம் கேட்கப்போகிறது?

இடைநீக்கக் காலத்தில் பிழைப்பூதியம் சட்டப்படியான உரிமை. தமிழ்நாட்டின் 1981 சட்டப்படி முதல் 90 நாள் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதன்பின் முழுதும். தொழில் தகராறு நிலுவையில் உள்ளபோது, அதோடு தொடர்புடைய தொழிலாளியை வேறொரு ஒழுங்கீனத்துக்காக நீக்கினால், உரிய அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் இல்லாத நீக்கம் செல்லாது என்று 2002-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. நீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளி நேரடியாக வழக்குப் போட முன்பு 3 ஆண்டு அவகாசம் இருந்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் அது 2 ஆண்டு. முதலில் சமரச அலுவலரிடம் மனுக் கொடுக்க வேண்டும், 45 நாள் கழித்துத் தீர்ப்பாயம் போகலாம். வக்கீல் கட்டணத்துக்குப் பயந்து வீட்டில் உட்கார வேண்டாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. வேலூரில் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்குப் போய் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு எழுதிக் கொடுத்தால் போதும்.