வெப்பமின் தகடு எங்கே விலைபோகிறது

எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் பெல்டியர் என்ற பெயரில் விற்கும் வெப்பமின் தகடு, நாலு சென்டிமீட்டர் சதுரமும் நாலு மில்லிமீட்டர் கனமும் உள்ள வெள்ளைப் பீங்கான் வில்லை. ஓரத்தில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்கள். பீங்கான் பரப்புகளுக்கு நடுவே, அரிசி நொய்யளவே உள்ள 254 கட்டைகள் 127 ஜோடிகளாக வரிசை கட்டி நிற்கும். அவை பிஸ்மத் டெல்லுரைடு என்ற குறைகடத்தியால் ஆனவை. ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருந்தால், கட்டைகளுக்குள் மின்னூட்டங்கள் சூடான முனையிலிருந்து குளிர்ந்த முனைக்கு நகரும். ஒரு ஜோடி தருவது டிகிரிக்கு 0.4 மில்லிவோல்ட் அளவுதான். டார்ச்சில் பேட்டரிகளை அடுக்குவதுபோல் எல்லா ஜோடிகளையும் தொடராக இணைத்திருப்பதால், 50 டிகிரி வேறுபாட்டில் இரண்டரை வோல்ட் வரை கிடைக்கும். சுழலும் பாகம் இல்லை, சத்தம் இல்லை, எண்ணெய் போட வேண்டியதும் இல்லை.

1821இல் தாமஸ் சீபெக் இரு உலோகங்களை வளையமாக இணைத்து ஒரு மூட்டைச் சூடாக்கியபோது, அருகிலிருந்த திசைகாட்டியின் முள் திரும்பியது. அவர் அதைக் காந்த விளைவு என்றே எண்ணினார். வளையத்தில் ஓடியது மின்சாரம் என்று தெளிவுபடுத்தியவர் எர்ஸ்டெட். உலோகங்கள் தரும் மின்னழுத்தம் மிகச் சொற்பம் என்பதால், நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த விளைவு உலைகளின் வெப்பநிலையை அளக்கத்தான் பெரிதும் உதவியது. குறைகடத்திகள் வந்த பிறகே மின்னாக்கம் பற்றிப் பேச முடிந்தது. 1950களில் சோவியத் கிராமங்களில் மண்ணெண்ணெய் விளக்கின் மேல் இத்தகைய அடுக்கு ஒன்றை மாட்டி ரேடியோ கேட்டார்கள். வெளிச்சத்துக்காக எப்படியும் எரியும் விளக்கு. அதன் சூட்டுக்குத் தனியாகக் காசு இல்லை.

கொதிக்கும் பாத்திரத்தின் மூடிமேல் தகட்டை வைத்து வோல்ட்மீட்டரை இணைத்தால் முள் சட்டென்று ஏறும். சிறிது நேரத்தில் மேல்பக்கமும் சூடேறிவிட, முள் இறங்கத் தொடங்கும். மேலே ஒரு டம்ளர் குளிர்ந்த நீரை வைத்தால் மறுபடி ஏறும். வியாபாரச் சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. ஒரு பக்கத்தை ஓயாமல் குளிர்விக்க வேண்டும். அதற்கான அலுமினியத் துடுப்புகள், விசிறி, தண்ணீர்க் குழாய் எல்லாம் பல சமயம் தகட்டைவிட அதிகச் செலவு வைக்கும். தகட்டின் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் ஏமாறுவது இதில்தான்.

அடுத்தது விளைச்சல். சூடான பக்கம் 100 டிகிரி, குளிர்ந்த பக்கம் 30 டிகிரி செல்சியஸ் என்றால், எந்த இயந்திரமும் வெப்பத்தில் 19 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற்ற முடியாது. நல்ல வெப்பமின் பொருள்கூட அதில் ஐந்தில் ஒரு பங்கை எட்டுவதில்லை. ஆயிரம் வாட் வெப்பம் பாய்ந்தால் 35 வாட் மின்சாரம் வந்தாலே பெரிது. மின்சாரத்தை நன்றாகக் கடத்தி வெப்பத்தைக் கடத்தாத பொருள் இதற்கு வேண்டும். ஆனால் மின்சாரத்தைச் சுமக்கும் எலெக்ட்ரான்களே வெப்பத்தையும் சுமக்கின்றன. 2014இல் டின் செலினைடு படிகம் வெப்பமின் பொருள்களின் தரம் காட்டும் அளவுகோலில் அதுவரை இல்லாத உயரத்தைத் தொட்டது. அதுவும் 650 டிகிரிச் சூட்டில். அந்தச் சூட்டில் ஆண்டுக்கணக்கில் விரிந்து சுருங்கியும் விடாத மூட்டுகளைச் செய்வது வேறு வேலை. மின்சாரம் செலுத்திக் குளிர்விப்பதற்காகச் செய்த மலிவுத் தகடுகள் சிலவற்றில் சாலிடர் 138 டிகிரியிலேயே உருகிவிடும்.

அதனால்தான் சிமெண்ட் ஆலையின் புகைச்சூட்டுக்கு இன்றும் கொதிகலனும் டர்பைனும் வைக்கிறார்கள். மெகாவாட் கணக்கில் அதுவே லாபம். கார்களின் புகைக்குழாயில் இத்தகடுகளைப் பொருத்திப் பிஎம்டபிள்யூ, ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனங்கள் சோதித்தன. கிடைத்த சில நூறு வாட்டுக்காக எடையும் விலையும் கூடின, விற்பனைக்கு வரவில்லை. மின்சாரக் காரிலோ புகைக்குழாயே இல்லை. டெல்லூரியமும் தாராளமாகக் கிடைப்பதல்ல. அது தாமிரச் சுத்திகரிப்பில் உபபொருளாக வருவது. தேவை கூடினால் உற்பத்தியை உடனே கூட்ட வழியில்லை.

ஆனால் ஒரு வாட் என்ன விலை என்று யாரும் கேட்காத இடங்கள் உண்டு. 1977இல் கிளம்பிய வாயேஜர் விண்கலம் ஒவ்வொன்றும், புளுட்டோனியம் 238 சிதையும்போது வந்த சுமார் 7000 வாட் வெப்பத்திலிருந்து 470 வாட் மின்சாரம் எடுத்தது. வெயில் எட்டாத தொலைவில் அதற்கு மாற்று இல்லை. பூமியில் இதற்கு நிகரான வாடிக்கையாளர் எரிவாயுக் குழாய் நிறுவனங்கள். பாலைவனத்திலும் பனிக்காட்டிலும் கிடக்கும் குழாய் துருப்பிடிக்காமல் காக்கவும் தகவல் அனுப்பவும், குழாயின் வாயுவையே எரித்து நூறு வாட் அளவில் மின்சாரம் எடுக்கிறார்கள். விளைச்சல் குறைவு என்று அங்கே யாரும் வருந்துவதில்லை. ஆள் போய்ப் பழுதுபார்ப்பதைவிட வாயு மலிவு.

சிறிய அளவிலும் இதே கணக்குதான். சீக்கோ நிறுவனம் 1998இல் உடற்சூட்டில் ஓடும் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. அதற்கு மைக்ரோவாட் அளவே போதும். விறகடுப்பில் பொருத்தினால் வரும் சில வாட், காற்று ஊதும் விசிறியை ஓட்டிப் போனுக்கும் கொஞ்சம் சார்ஜ் ஏற்றும். இன்று அதிகம் நம்பிக்கை தருவது ஆலைகளின் நீராவிக் குழாய்கள். அவற்றின்மேல் ஒட்டிய உணரிக்குச் சில மில்லிவாட் கிடைத்தால் வெப்பநிலையையும் கசிவையும் கம்பியில்லாமலே அனுப்பிக்கொண்டிருக்கும். அங்கே இந்தத் தகட்டின் போட்டியாளர் மின்வாரியம் இல்லை. பேட்டரி மாற்ற ஏணி வைத்து ஏறும் தொழிலாளியின் கூலி.