வாகனங்கள் ஒன்றோடொன்று பேசும் காலம்

திருவனந்தபுரம் புறவழிச்சாலையில் ஒரு பேருந்தின் பின்னால் கார் ஓட்டிச் செல்பவருக்கு, அப்பேருந்துக்கு முன்னால் நடப்பது தெரியாது. அங்கே ஒரு லாரி திடீரென நின்றாலும், பேருந்தின் பிரேக் விளக்கு எரிந்த பின்னரே அவர் அறிவார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடியில் வண்டி ஏறத்தாழ 17 மீட்டரைக் கடந்துவிடும். உயிரைக் காப்பதும் பறிப்பதும் அந்த ஒரு வினாடிதான். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர்.

இந்த வினாடியை மீட்டுத் தருவதே வாகனங்களுக்கிடையிலான கம்பியில்லாத் தகவல் தொடர்பின் நோக்கம். ஒவ்வொரு வாகனமும் தன் இருப்பிடம், வேகம், திசை, பிரேக் நிலை ஆகியவற்றை வினாடிக்குப் பத்து முறை வரை ரேடியோ அலைகளில் அறிவிக்கும். சில நூறு மீட்டருக்குள் வரும் பிற வாகனங்கள் அதைப் பெற்றுத் தம் ஓட்டுநரை எச்சரிக்கும். பேருந்துக்கு அப்பால் நிற்கும் லாரியைக் கேமரா காணாது. ஆனால் லாரி அனுப்பும் செய்தி காரை வந்தடையும். இவ்வசதியுள்ள கார்களை ஜப்பானில் டொயோட்டா 2015-லும், ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகன் 2019-லும் அறிமுகப்படுத்தின.

இதையொத்த முயற்சி நம் ரயில்வேயில் முன்பே உண்டு. 'கவச்' என்னும் பாதுகாப்பு முறை 2022 மார்ச் 4 அன்று தென்மத்திய ரயில்வேயில் சோதிக்கப்பட்டபோது, முன்னால் மற்றோர் இன்ஜின் இருந்ததால் 380 மீட்டருக்கு முன்பே ரயில் இன்ஜின் தானாக நின்றது. தண்டவாளத்தில் ஓடுபவற்றை நிர்வகிப்பது ஒரே நிறுவனம். சாலையிலோ கோடிக்கணக்கான உரிமையாளர்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நூற்றுக்குப் பத்து வாகனங்களில் இக்கருவி இருந்தால், எதிர்ப்படும் இரு வாகனங்களிலும் அது இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றே. பாதி வாகனங்களில் இருந்தாலும் நான்கில் ஒன்றுதான். 2016-ல் வந்த யுபிஐ வெற்றி பெற்றதற்குக் காரணம், எந்த வங்கியிலிருந்தும் எந்த வங்கிக்கும் பணம் அனுப்ப இயன்றதே. வாகனங்களுக்கும் அத்தகைய பொது மொழி வேண்டும். போலிச் செய்தியே விபத்தை விளைவிக்கக்கூடும் என்பதால், வங்கிப் பரிமாற்றத்தைப் போலவே ஒவ்வொரு செய்தியும் டிஜிட்டல் கையொப்பத்தால் உறுதி செய்யப்பட வேண்டும்.

கேரளம் முதற்படியில் கால் வைத்துள்ளது. மோட்டார் வாகனத் துறை, திருவனந்தபுரம் சி-டாக் நிறுவனத்தின் துணையுடன் நடத்தும் 'சுரக்ஷாமித்ரா' திட்டத்தில், பேருந்து, டாக்சி போன்றவற்றின் இருப்பிடமும் அபாய அழைப்பும் கட்டுப்பாட்டு அறையை எட்டுகின்றன. அங்கே வாகனம் அலுவலகத்தோடு பேசுகிறது. பக்கத்து வாகனத்தோடு பேசுவது அடுத்த படி. விபத்தில் இறப்போரில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தினர் ஆதலால், அவர்களையும் சேர்த்துக்கொண்டால்தான் அப்படி முழுமை பெறும்.

கார் வாங்கக் கடன் பெறுவோர் விலையையும் மைலேஜையும் கேட்பதோடு, பாதுகாப்பு வசதிகளையும் கேட்டறிவது நன்று. எந்தக் கருவியும் இல்லாத வண்டியிலும் ஒரு காப்பு உண்டு: முன்செல்லும் வாகனத்திலிருந்து குறைந்தது மூன்று வினாடி இடைவெளி. அதற்குச் செலவு ஏதுமில்லை.