செங்கிப்பட்டியில் நின்றுபோன வட்டம்: நீண்ட தூர சைக்கிள் பயணத்தில் போனைக் காப்பாற்றுவது எப்படி?

போன மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். தில்லை நகர் வீட்டில் அம்மா வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். என் படம் போட்ட சின்ன வட்டம் வல்லத்தைத் தாண்டி செங்கிப்பட்டி வரைக்கும் வந்தது. அப்புறம் நகரவில்லை. கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரம் 2.10 என்று காட்டியது. போன் செய்தால் 'ஸ்விட்ச் ஆஃப்'.

அதிகாலை நாலரைக்குக் கிளம்பி, சைக்கிளில் கும்பகோணம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, போனுக்குத்தான் ஆகிவிட்டது. இத்தனைக்கும் பையில் முக்கால்வாசி நிரம்பிய பவர் பேங்க் இருந்தது, கேபிளும் செருகித்தான் இருந்தது. ஆனால் ஹேண்டில்பாரில் நாலு மணி நேரம் வெயில் குடித்த போன், சூடு தாங்காமல் சார்ஜ் ஏற்றுவதையே நிறுத்திவிட்டது. மிச்சமிருந்த 18 சதவிகிதத்தை மேப்பும் வெளிச்சமும் தின்று தீர்த்தன.

டீக்கடைக்காரர் தன் போனை நீட்டினார். அப்போதுதான் உறைத்தது, எனக்கு வீட்டில் ஒருவர் நம்பரும் மனப்பாடமாகத் தெரியாது. நினைவில் இருந்த ஒரே எண், எப்போதோ சரண்டர் செய்துவிட்ட பழைய லேண்ட்லைன். வேறு வழியில்லாமல் மிதித்தேன். துவாக்குடி பக்கத்தில் எதிரே அண்ணன் பைக்கில் வந்து நின்றான். "ஒரு மணி நேரமா அம்மா வாசல்லயே நிக்கிறாங்கடா. இதுக்கா உனக்கு போனு?"

அன்றிலிருந்து இந்த விஷயத்தைக் கொஞ்சம் தீவிரமாகவே நோண்டிக்கொண்டிருக்கிறேன். முக்கொம்புக்கோ கல்லணைக்கோ காலையில் போய்விட்டு டிபனுக்குத் திரும்புபவர்களுக்கு இந்தப் பிரச்னை வராது. அதைத் தாண்டினால் வரும். 'ஆடாக்ஸ்' எனப்படும் நீண்ட தூரப் பயணங்களில் மிகச் சிறியதே 200 கி.மீ., அதை 13.5 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஏறக்குறைய நம்மூரிலிருந்து கும்பகோணம் போய் வருவதுபோலத்தான். 300-க்கு 20 மணி நேரம், 400-க்கு 27, 600-க்கு 40 என்று நீளும். எந்த போன் பேட்டரியும் இத்தனை நேரம் மேப் காட்டிக்கொண்டே தாங்காது.

சிக்கலின் வேர் இதுதான்: கண்ணுக்கு எது வசதியான இடமோ, அதுவே பேட்டரிக்கு மோசமான இடம். ஹேண்டில்பார் நடுவில் மாட்டினால் நன்றாகத் தெரியும். உச்சி வெயிலும் நேராக அங்கேதான் விழும். ஐபோனைச் சுற்றியுள்ள வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கிறது ஆப்பிள். அக்னி நட்சத்திரத்தில் திருச்சியின் நிழலிலேயே அதற்கு மேல்! வெயிலில் எழுத்து தெரிய வேண்டுமென்று போன் வெளிச்சத்தைக் கூட்டும். அதில் ஒரு சூடு. சார்ஜ் ஏறும்போது இன்னொரு சூடு. கறுப்பு கவர் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். லித்தியம் பேட்டரியைக் காப்பாற்ற போன் தானாகவே சார்ஜை நிறுத்துவது நியாயம்தான். நமக்குத்தான் அது தெரிவதில்லை, கேபிள் செருகியிருக்கிறதே என்று நிம்மதியாக மிதித்துக்கொண்டிருப்போம்.

சூடான போனை உடனே ஆற்ற வேண்டுமென்று ஜூஸ் கடை ஐஸ் பெட்டி மேல் வைக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். கவரைக் கழற்றி, நிழலில், காற்றுப்படும்படி வைத்தாலே பத்துப் பதினைந்து நிமிடத்தில் வழிக்கு வரும்.

இப்போது நான் செய்வது இது. இருட்டு விலகும் நேரத்தில், ஊரைத் தாண்டும்வரை போன் ஹோல்டரில். ஒன்பது மணிக்கு மேல் அது பைக்குள் போய்விடும், பவர் பேங்க்கைத் தொடாதபடி தனி அறையில். தஞ்சாவூர் ரோட்டில் திரும்புவதற்கு என்ன இருக்கிறது, அதற்கு மேப் எதற்கு? வளைவு சொல்ல வேண்டுமானால் ஸ்கிரீனை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்கலாம். வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் தேடி பேட்டரி வீணாவதும் குறையும். ஸ்ரீரங்கத்து உத்தர வீதி, சித்திரை வீதிகளில் மேப்பை நம்புவதைவிட பூக்கடையில் கேட்பது வேகம் என்பது என் கட்சி.

சார்ஜ் போடுவது ஓடும்போது இல்லை, நிற்கும்போது. இட்லிக்கு நிற்கிற அரை மணி நேரம் நிழலில் ஏறுகிற சார்ஜ், வெயிலில் இரண்டு மணி நேரம் செருகிவைத்தாலும் ஏறாது. பவர் பேங்க் வாங்கும்போது ஒரு கணக்கு: மேலே 10,000 எம்.ஏ.எச். என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் அளவில். அதை 5 வோல்ட்டாக மாற்றும்போது சேதாரம் போக, 5,000 எம்.ஏ.எச். போனை இரண்டு முறை நிரப்ப முடியாது. ஒன்றரை முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடும்போதே ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால், இரவில் ஏற்றுங்கள். முனை வளைந்த எல் வடிவ கேபிள் நல்லது. ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, கேபிள் இழுபடாத அளவுக்குத் தளர்வு விடுங்கள். மழை வந்தால் முதலில் கேபிளைப் பிடுங்குங்கள். 'வாட்டர் ப்ரூஃப்' போனாக இருந்தாலும் ஈரமான துளையில் சார்ஜ் ஏற்றக் கூடாது.

ஹோல்டரில் ஒரு வேடிக்கை உண்டு. பக்கவாட்டில் கவ்வும் ரகம், பவர் பட்டனை அழுத்திக்கொண்டே வரும். பல போன்களில் அந்தப் பட்டனை அடுத்தடுத்துப் பலமுறை அழுத்தினால் அவசர உதவிக்கு அழைப்பு போய்விடும். பட்டன் இல்லாத இடத்தில் கவ்வ வைத்து, நாலு மூலையிலும் ஒரு சிலிக்கான் பட்டை போட்டால் வேகத்தடையில் எகிறாது. பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சக்திவாய்ந்த பைக் இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்தது. சைக்கிளில் அந்த அளவு பயம் தேவையில்லை.

"டைனமோ வைத்தால் என்ன?" என்று அப்பா கேட்டார். லைட் இல்லாமல் போனால் போலீஸ் பிடித்த காலத்து மனிதர். டயரில் உரசி 'ர்ர்ர்' என்று பாடிய அந்த பாட்டில் டைனமோவை மறக்க முடியுமா? நோக்கியாவே 2010-ல் கென்யாவில் அப்படியொரு சைக்கிள் சார்ஜரை அறிமுகப்படுத்தியது. மணிக்கு 6 கி.மீ. வேகத்திலேயே சார்ஜ் ஏறத் தொடங்கும். அன்றைய பட்டன் போனுக்கு அது தாராளம்.

இன்று 1,200 கி.மீ. தூரத்தை 90 மணி நேரத்தில் கடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் போன்ற பயணங்களில், முன்சக்கர அச்சிலேயே டைனமோ பொருத்தியவர்கள் உண்டு. அதன் வழக்கமான அளவு 6 வோல்ட், 3 வாட். அதை போனுக்கு ஏற்ற நேர் மின்சாரமாக மாற்றியபின் கிடைப்பது இரண்டரை வாட் அளவு. பெரிய பேட்டரியை நிரப்ப எட்டு மணி நேரம், அதுவும் நல்ல வேகத்தில் போனால். சிக்னலில் நின்றால் மின்சாரம் அறுந்து, மறுபடி வந்து, ஒவ்வொரு முறையும் ஸ்கிரீன் எரிந்து தொலைக்கும். அதனால் அவர்கள் நடுவில் ஒரு பவர் பேங்க்கை வைத்துக்கொள்கிறார்கள். பல நாள் பயணத்துக்குச் சரி. ஒரு நாள் கும்பகோணத்துக்கு இது யானையைக் கட்டித் தீனி போடும் வேலை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் 'லைவ் லொகேஷன்' அதிகபட்சம் 8 மணி நேரம்தான். 13 மணி நேரப் பயணத்தில் அது நடுவழியில் தானாகவே நின்றுபோகும், பேட்டரியையும் தின்னும். வட்டம் காணாமல் போனாலே ஆபத்து என்று பதற வேண்டாம்.

எங்கள் வீட்டு ஏற்பாடு இப்போது வேறு. சட்டைப் பையில் நாலு போன் நம்பர் எழுதிய காகிதம், வியர்வையில் நனையாமலிருக்கப் பாலித்தீன் உறைக்குள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம், எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வருவேன் என்ற பட்டியல் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும். போன வாரம் கிளம்பும்போது லைவ் லொகேஷன் போடப் போனேன். அம்மா தடுத்துவிட்டார்.

"அதெல்லாம் வேணாம். அந்த வட்டத்தையே பார்த்துக்கிட்டு எனக்கு அடுப்படியில பால் பொங்கிடுது. வல்லம் வந்ததும் ஒரு போன் போடு. போதும்."