கண்ணீரும் கதாநாயகியும்

பழைய தமிழ்ப் பேசும் படங்களைப் பற்றி நமது வீடுகளில் பேச்சு எழுந்தால், அது பாட்டில் ஆரம்பித்துப் பாட்டிலேயே முடிந்துவிடுகிறது. "பாகவதருடைய சாரீரம் இனி யாருக்கு வரப் போகிறது?" என்பார் ஒருவர். 'மீரா' என்று பெயரைச் சொன்ன மாத்திரத்தில் இன்னொருவர் கண்ணை மூடிக்கொள்வார். அவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. ஆனால் இந்தப் படங்களை டெலிவிஷனில் திரும்பத் திரும்பப் பார்த்ததன் பயனாக, எனக்கென்று ஒரு கோணல் அளவுகோல் ஏற்பட்டிருக்கிறது. கதாநாயகி தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கிறாளா, அல்லது பகவான் வந்து தீர்மானிக்கும் வரையில் அழுதுகொண்டிருக்கிறாளா? இதுதான் அந்த அளவுகோல்.

இந்தக் கோலை நீட்டினால் பெரிய படங்கள் எல்லாம் சிறுத்துப் போகின்றன. 1944-ல் வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். கணவன் தாஸி ரம்பையின் பின்னால் சுற்றுகிறான். பிறகு திருந்தி பக்தனாகிறான். அவன் மனைவியோ கெட்டபோதும் பொறுத்தாள், திருந்திய போதும் பொறுத்தாள்! வசந்தகோகிலத்தின் இனிய குரலை இதற்குத்தானா கொண்டு வந்தார்கள் என்று ஆயாசமாயிருக்கிறது. 'மீரா' (1945) எப்படியோ தேறிவிடுகிறது. அரண்மனையைத் துறந்து தெருவில் இறங்குவது லேசான காரியமா?

ஆனால் என் மனத்தில் முதல் ஆசனத்தில் வீற்றிருப்பது 'தியாக பூமி'தான். கல்கியின் அந்தக் கதை 1939-ல் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, படத்தின் காட்சிகளே சித்திரங்களாக அச்சாயின. டைரக்டர் கே. சுப்ரமணியம். சம்பு சாஸ்திரியாக நடித்த பாபநாசம் சிவன், நடிப்பு என்று ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குப் புயலில் இடம் கொடுத்ததற்காக அக்கிரகாரம் அவரைத் தள்ளி வைக்கிறது. அப்போது அவர் முகத்தில் கோபம் இல்லை, ஒரு திகைப்புத்தான்.

அவருடைய பெண் சாவித்திரி புக்ககத்தில் படாதபாடு பட்டு, கர்ப்பிணியாகத் திரும்புகிறாள். பிறந்த குழந்தையையும் விட்டுப் பிரிகிறாள். பிற்பாடு அவளே செல்வச் சீமாட்டி உமாராணியாக வந்து நிற்கிறாள். உடனே கணவன் ஸ்ரீதரனுக்குத் தாம்பத்திய ஞாபகம் வந்துவிடுகிறது! மனைவியைத் தன்னோடு வாழ அனுப்ப வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போகிறான். "அவரோடு வாழ மாட்டேன், வேண்டுமானால் அவருக்கு நான் ஜீவனாம்சம் கொடுக்கிறேன்" என்பதுதான் அவள் பதிலின் ஸாரம். எஸ். டி. சுப்புலட்சுமி இதைக் கத்திச் சொல்லவில்லை, அதனால்தான் தைக்கிறது.

சாவித்திரி போன்ற பிராமணப் பெண்ணுக்கு, அந்த வருஷத்துச் சென்னை மாகாணத்தில், விவாகரத்து என்ற வழியே சட்டத்தில் கிடையாது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். படத்தின் முடிவில் அவள் தேச சேவையில் இறங்கிச் சிறை செல்கிறாள். தேசியப் பிரசாரம் மிகுந்த படம் என்று பிரிட்டிஷ் சர்க்கார் 1940-ல் அதற்குத் தடை விதித்தது. கதர்க் கொடியைக் கண்டு அவர்கள் பயந்தார்கள். ஆனால் நம்முடைய கூடங்களுக்கும் அடுக்களைகளுக்கும் வைத்த வெடி அந்தக் கோர்ட்டுக் காட்சிதான் என்பது என் அபிப்பிராயம். ஊர்வலக் காட்சிகள் இன்று சரித்திரமாகிவிட்டன. கோர்ட்டுக் காட்சி அப்படி ஆகவில்லை. ஸ்ரீதரன் போட்ட வழக்கு, 1955-ஆம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டத்தின் 9-வது பிரிவில் இன்னும் இடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

வாசனின் 'சந்திரலேகா' (1948) வேறு ஜாதி. அதில் தத்துவமும் இல்லை, தேசபக்தியும் இல்லை. யானையும் ஸர்க்கஸும் கத்திச் சண்டையும்தான். ஆயினும் டி. ஆர். ராஜகுமாரி அழுதுகொண்டு உட்காரவில்லை. பலாத்காரமாக மணக்க வந்த சசாங்கனிடம் சம்மதம் சொல்லுவதுபோல் சொல்லி, முரசு நடனத்துக்கு ஏற்பாடு செய்கிறாள். முரசுகளுக்குள்ளே வீரர்கள்! பின்னால் வரும் கத்திச் சண்டை சற்று நீளம்தான். அப்போது வேண்டுமானால் எழுந்து போய்க் காபி கலந்து கொண்டு வரலாம். முரசு நடனத்தின் போது மட்டும் வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது.