கோடையில் ஒரு நாள் – 7: விக்டோரியா டாக், மாலை 4.06

சென்ற வாரம் 1908 ஜூன் 30 அன்று சைபீரியக் காட்டுக்கு மேலே நடந்த வெடிப்பைப் பார்த்தோம். அதற்கு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. வானத்திலிருந்து வந்தது, வெடித்தது, போனது. இந்த வாரக் கதை அப்படியல்ல. இது மனிதர்கள் கையாலேயே அடுக்கி வைத்த வெடிப்பு. எதை ஏற்றினார்கள், எதன்மேல் எதை வைத்தார்கள், யார் எப்போது புகையைப் பார்த்தார்கள் என்று எல்லாமே விசாரணையில் பதிவாகியிருக்கிறது.

1944 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. பம்பாய். உப்புக்காற்றும் புழுக்கமும் சேர்ந்து ஆளை வாட்டும் நேரம். வடகிழக்கில் ஜப்பானியப் படை கோஹிமாவைச் சூழ்ந்து பத்து நாளாகியிருந்தது. பர்மாப் போர்முனைக்கு வேண்டிய தளவாடங்கள் எல்லாம் இந்தியத் துறைமுகங்கள் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. பம்பாய்த் துறைமுகத்துக்கு மூச்சுவிட நேரமில்லை.

அப்படி வந்த கப்பல்களில் ஒன்று ஃபோர்ட் ஸ்டிக்கீன். கனடாவின் பிரின்ஸ் ரூபர்ட்டில் 1942-ல் கட்டப்பட்டது, ஏழாயிரம் டன்னுக்குச் சற்று மேல். யுத்தத்துக்காக அவசர அவசரமாகக் கட்டிய சரக்குக் கப்பல் வரிசையில் இதுவும் ஒன்று. பிப்ரவரி 24-ல் இங்கிலாந்தின் பிர்கன்ஹெட் துறையை விட்டுக் கிளம்பியபோது அதன் வயிற்றில் சுமார் 1,400 டன் வெடிபொருள். டார்பிடோ, கண்ணிவெடி, பீரங்கிக் குண்டு, தோட்டா என்று எல்லா வகையும் இருந்தன. பெட்டியில் அடைத்த போர் விமானங்களும் இருந்தன. இவற்றோடு 31 மரப்பெட்டிகளில் 124 தங்கப் பாளங்கள், ஒவ்வொன்றும் பன்னிரண்டே முக்கால் கிலோ. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய பத்து லட்சம் பவுண்டு. தங்கத்தை எஃகுத் தொட்டிக்குள் வைத்து மூடியையும் பற்றவைத்திருந்தார்கள். அதற்கு அத்தனை பத்திரம்!

இதுவரையில் சொல்லும்படி தவறு எதுவும் இல்லை. வெடிமருந்துக் கப்பல் வெடிமருந்தோடு போனது. கோணல் கராச்சியில்தான் தொடங்கியது. அங்கே விமானப் பெட்டிகள் இறங்கின. கப்பலில் இடம் காலியானது. யுத்த காலத்தில் காலி இடத்தோடு ஒரு கப்பல் புறப்படுவதா? 8,700 பஞ்சுப் பொதிகளை ஏற்றினார்கள். கூடவே எண்ணெய்ப் பீப்பாய், மரம், பழைய இரும்பு, கந்தகம், பிசின், அரிசி, மீன் உரம். கேப்டன் அலெக்சாண்டர் நெய்ஸ்மித்துக்கு இதில் கொஞ்சமும் விருப்பமில்லை. எரியக்கூடியது, வெடிக்கக்கூடியது என்று உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் தன் கப்பலில் ஏற்றிவிட்டார்கள் என்கிற பொருளில் அவர் எரிச்சல்பட்டதாகப் பதிவு. ஆனால் எதை ஏற்றுவது என்று தீர்மானிக்கிற இடத்தில் அவர் இல்லை.

இரண்டாம் எண் சரக்கறையில் பஞ்சுப் பொதிகள் கீழே, வெடிபொருள் மேலே. மீதிக் கதை முழுவதும் இந்த அடுக்கில்தான் இருக்கிறது.

அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதி உதிரிப் பஞ்சைப் போல் குபீரென்று பற்றாது. வெளியே சுடர் தெரியாமல், சாம்பல் மூடிய அடுப்புக் கங்குபோல உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். மேலே தண்ணீரைக் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் நனையும். இதைவிட மோசமான குணம் ஒன்றும் அதற்கு உண்டு. தண்ணீரில் பொதி மிதக்கும்.

கப்பல் ஏப்ரல் 12 அன்று விக்டோரியா டாக்கில் முதலாம் எண் தளத்தில் வந்து கட்டியது. சாதாரண காலமாக இருந்தால் இப்படிப்பட்ட கப்பலைத் துறைக்குள்ளேயே விடமாட்டார்கள். தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிறுத்தி, தோணிகளை அனுப்பிச் சரக்கை இறக்குவார்கள். யுத்த அவசரம் அந்த விதியைத் தளர்த்தியிருந்தது. உள்ளே வந்த கப்பல், ஆபத்தான சரக்கு இருப்பதைக் காட்டும் சிவப்புக் கொடியையும் ஏற்றவில்லை. இரண்டு நாள் ஓடிவிட்டது. மற்றச் சரக்கு இறங்கியது. முதலில் இறங்கியிருக்க வேண்டிய வெடிபொருளில் பெரும்பகுதி கப்பலிலேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டரை வாக்கிலேயே பக்கத்துக் கப்பல்களில் இருந்த சிலர் ஃபோர்ட் ஸ்டிக்கீனிலிருந்து லேசாகப் புகை வருவதைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்தார்கள், அவ்வளவுதான். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டு இடைவேளை முடிந்து தொழிலாளர்கள் இரண்டாம் எண் சரக்கறைக்குத் திரும்பிய பிறகுதான் கூச்சல் எழுந்தது. தீயணைப்புப் படைக்குத் தகவல் போனபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

அதிலிருந்து நான்கு மணி வரையிலான பொழுதை நான் பல கோணங்களில் படித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஆத்திரம்தான் மிஞ்சுகிறது. அங்கே விவரம் தெரியாதவர் என்று ஒருவரும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பது கேப்டனுக்குத் தெரியும். ராணுவத்தின் வெடிமருந்து அதிகாரி கப்பலில் ஏறிச் சரக்குப் பட்டியலைப் பார்த்ததுமே, இது வெடித்தால் துறைமுகமே மிஞ்சாது, உடனே மூழ்கடியுங்கள் என்றார். ஆனால் டாக்கில் ஆழம் போதாது. அடிப்பகுதி தரை தட்டி நிற்கும், மேல்பகுதி தண்ணீருக்கு வெளியேதான் இருக்கும். துறைமுக நிர்வாகி, கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்றார். தீயணைப்புப் படைத் தலைவருக்கோ தண்ணீர் பீய்ச்சி அணைத்துவிடலாம் என்ற நம்பிக்கை இருந்தது. கப்பல் கேப்டனுடையது, டாக் துறைமுகத்தாருடையது, நெருப்பு தீயணைப்புப் படையுடையது, குண்டு ராணுவத்துடையது. நாலு பேரில் யார் சொன்னால் மற்ற மூவரும் கேட்க வேண்டும்? அதை யாரும் முன்கூட்டி எழுதி வைத்திருக்கவில்லை. கடைசியில், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வேலையே தொடர்ந்தது. தண்ணீர்.

தொள்ளாயிரம் டன்னுக்கும் மேலே தண்ணீர் உள்ளே போனது. அடர்ந்த புகையில் நெருப்பு எந்த மூலையில் இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. கப்பலின் பக்கவாட்டுத் தகட்டில் ஓரிடத்தில் சாயம் கொப்பளம் கொப்பளமாக எழும்பியபோதுதான், ‘இதற்கு நேர் உள்ளே’ என்பது புரிந்தது. சரக்கறையில் நீர்மட்டம் ஏறியது. அதோடு சேர்ந்து எரிகிற பொதிகளும் மிதந்து ஏறின. மேலே இருந்தது வெடிபொருள். அணைக்க ஊற்றிய தண்ணீரே நெருப்பைத் தூக்கிக்கொண்டு போய் அதன் காலடியில் சேர்த்துக்கொண்டிருந்தது. கப்பலைச் சுற்றியிருந்த நீர் கொதித்தது.

3.50-க்கு எல்லோரும் கப்பலை விட்டு இறங்கும்படி உத்தரவு. 4.06-க்கு வெடித்தது.

கப்பல் இரண்டாகப் பிளந்தது. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன. வெகுதூரம் தள்ளியிருந்த சிம்லாவின் நிலநடுக்கக் கருவி அதைப் பதிவு செய்தது. பக்கத்தில் நின்றிருந்த ஜலபத்மா என்ற கப்பலை அலை தூக்கிக் கரைமேல் போட்டது. எரியும் பஞ்சுப் பொதிகள் ஆகாயத்திலிருந்து குடிசைகள் மேலும் கிடங்குகள் மேலும் விழுந்தன. ஜப்பான்காரன் குண்டு போடுகிறான் என்று ஊர் ஓட்டம் பிடித்தது. ஏறக்குறைய அரை மணி கழித்து இரண்டாவது வெடிப்பு. முதல் வெடிப்பில் அடிபட்டவர்களைத் தூக்க ஓடி வந்தவர்களை அது வாரிக்கொண்டது.

அரசுக் கணக்கில் இறந்தவர்கள் ஏறக்குறைய 740 பேர். அவர்களில் 476 பேர் ராணுவத்தைச் சேர்ந்தவர்கள். 1,800 பேர் காயமடைந்தார்கள். துறைமுகத்தையொட்டிய சேரிகளில் குடியிருந்தவர்களை யார் எண்ணிவைத்திருந்தார்கள்? அதனால் உண்மையான எண்ணிக்கை இதைவிட மிக அதிகம் என்றே பம்பாயில் பேசிக்கொண்டார்கள். விக்டோரியா டாக்கிலும் அடுத்திருந்த பிரின்ஸஸ் டாக்கிலுமாக 27 கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமடைந்தன. ஐம்பதாயிரம் டன்னுக்கும் மேற்பட்ட தானியம் கருகியது. வங்கப் பஞ்சம் நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்பதைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் இந்த எண்ணிக்கையின் கனம் விளங்கும். தீயை அடக்க மூன்று நாள் பிடித்தது. ஐந்து லட்சம் டன் இடிபாட்டை அள்ள 8,000 பேருக்கு ஏழு மாதம் பிடித்தது.

செத்தவர்களில் தீயணைப்பு வீரர்கள் 66 பேர். ஏப்ரல் 14 வந்தால் நம்மூர்த் தீயணைப்பு நிலையங்களில் மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்துவதையும், அடுத்த ஒரு வாரம் பள்ளிக்கூடங்களிலும் கடைத்தெருவிலும் கேஸ் சிலிண்டரில் தீப்பிடித்தால் எப்படி அணைப்பது என்று செய்து காட்டுவதையும் பார்த்திருப்பீர்கள். தீத்தொண்டு வாரம் என்பார்கள். அது இந்த 66 பேரின் நினைவாக நாடு முழுக்கக் கடைப்பிடிப்பது. தமிழ்நாட்டில் அன்று புத்தாண்டு விடுமுறை. கோயிலும் பாயசமுமாகப் போகிற நாளில் இந்த அஞ்சலி செய்தித்தாளின் உள்பக்கத்தில் சிறு படமாக ஒதுங்கிவிடுகிறது.

மறுநாளே, ஏப்ரல் 15 அன்று, ஜப்பானியர் கையில் இருந்த சைகோன் வானொலி பம்பாய் வெடிப்பைப் பற்றி விரிவாகச் செய்தி வாசித்தது. நிருபர்கள் இங்கிருந்து செய்தி அனுப்பப் பிரிட்டிஷ் தணிக்கை அனுமதித்ததோ மே மாதம் இரண்டாவது வாரத்தில். எதிரிக்குத் தெரிந்துவிட்டது, சொந்த ஜனத்துக்குத்தான் ரகசியம்! சுதீஷ் கட்டக் என்ற ஒளிப்பதிவாளர் இரண்டாவது வெடிப்பைப் படம் பிடித்திருந்தார். அந்தச் சுருளையும் ராணுவத்தார் வாங்கிக்கொண்டு போனார்கள். அதன் சில பகுதிகள் பின்னாளில்தான் வெளியே வந்தன.

தங்கம்? அதுவும் பறந்தது. டாக்கிலிருந்து ஒரு மைல் தள்ளி, ஓய்வுபெற்ற பார்சி எஞ்சினியர் ஒருவரின் மூன்றாவது மாடி வீட்டுக்குள் ஒரு பாளம் கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்தது. அவர் அதை அப்படியே கொண்டுபோய் ஒப்படைத்தார். கிடைத்த வெகுமதி 999 ரூபாய். அதையும் நிவாரண நிதிக்கே கொடுத்துவிட்டார் என்பார்கள். அந்த ஆயிரமாவது ரூபாயை எந்தக் குமாஸ்தா எந்த விதியைக் காட்டிக் குறைத்தாரோ! மற்றப் பாளங்களைச் சேற்றுக்குள் துழாவித் துழாவி எடுத்தார்கள். 1970-களில் தூர்வாரியபோதுகூடச் சில கிடைத்தன.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. நெருப்பு பஞ்சில்தான் தொடங்கியிருக்க வேண்டும் என்றது. யாரோ ஒரு கூலியாள் வீசிய சிகரெட் துண்டுதான் காரணம் என்பது அன்றிலிருந்து சொல்லப்படும் பேச்சு. இருக்கலாம். ஆனால் பஞ்சுக்கு மேல் குண்டை வைத்தது கூலியாள் இல்லை. குழுவின் குற்றப்பட்டியலைப் படித்தால் அதில் இருப்பதெல்லாம் கையெழுத்துப் போடும் இடத்தில் இருந்தவர்களின் வேலை: வெடிபொருளுக்குக் கீழே பஞ்சு, ஏற்றாத சிவப்புக் கொடி, வெடிபொருளை இறக்குவதில் தாமதம், தீயணைப்புப் படையை அழைப்பதில் தாமதம்.

அந்தப் பட்டியலில் இன்னும் ஒன்றும் இருக்கிறது. சரக்கறையை இறுக மூடி உள்ளே நீராவியைச் செலுத்தியிருந்தால் தீ பரவாமல் கட்டுப்பட்டிருக்கும், அதைச் செய்யவில்லை என்பது. பஞ்சு எரியும்போது அது சரியான யோசனைதான். காற்று அறுந்தால் தீ அடங்கும். ஆனால் மூன்றே வருடம் கழித்து, 1947 ஏப்ரல் 16 அன்று, அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி துறைமுகத்தில் கிராண்ட்கேம்ப் என்ற கப்பலில் புகை கிளம்பியபோது அதன் கேப்டன் இதையேதான் செய்தார். மூடினார், நீராவி விட்டார். அந்தக் கப்பலில் இருந்தது அம்மோனியம் நைட்ரேட் உரம். எரிவதற்கு அதற்கு வெளிக்காற்றே வேண்டாம். வேண்டிய ஆக்சிஜன் அதனுள்ளேயே இருக்கிறது. நீராவி அதைச் சூடாக்கத்தான் உதவியது. டெக்சஸ்காரர்களுக்கு ஏப்ரல் வசந்தம், நம் கணக்கில் சித்திரை. ஆகவே இந்தத் தொடரில் அதைச் சேர்ப்பதில் தப்பில்லை. அடுத்த வாரம் அங்கே போவோம்.