அணைக்கட்டும் ஆற்றுநீரும்

கொல்லிமலையில் தோன்றும் சுவேத நதி, தம்மம்பட்டி, கெங்கவல்லி, வீரகனூர் வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்கிறது. பின்னர் வசிட்ட நதியோடு கலந்து, வெள்ளாறு என்னும் பெயரில் பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது. ஆண்டு முழுவதும் நீரோடாத இவ்வாற்றில் மழைக்கால வெள்ளமே உழவர்க்கு வாய்க்கும் செல்வம். அதுவும் சில நாள்களில் வடிந்துவிடும். இத்தகைய ஆற்றுநீரை வயலுக்குத் திருப்ப நம் முன்னோர் கண்ட வழியே அணைக்கட்டு.

அணைக்கட்டின் பணி

1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை, 120 அடி வரை நீரைத் தேக்கி வைக்கிறது. பழைய அணைக்கட்டின் பணி வேறு. ஆற்றின் குறுக்கே கரையினும் தாழ்வாக எழுப்பப்படும் கற்சுவர், நீர்மட்டத்தைச் சில அடிகளே உயர்த்தும். உயர்ந்த நீர் தலைமதகின் வழியாக வாய்க்காலுள் புகுந்து ஏரியை நிரப்பும். ஏரி நீரால் வயல்கள் விளையும். சுற்றியுள்ள கிணறுகளும் ஊறும். மிகுந்த வெள்ளம் சுவரின்மேல் வழிந்து கீழூர்களுக்குச் செல்லும். இதனால் மேலூரின் தேவை நிறைவேறுவதோடு கீழூரின் பங்கும் காக்கப்படும்.

ஐரோப்பிய நாடுகளில் சிற்றோடைகளின் குறுக்கே இதுபோன்ற சுவர்களை எழுப்பி, மாவரைக்கும் ஆலைகளின் சக்கரங்களைச் சுழற்றினர். நம் நாட்டிலோ அது உழவுக்கே பெரிதும் பயன்பட்டது. 'அணைக்கட்டு' என்னும் தமிழ்ச்சொல்லே ஆங்கிலத்தில் 'அனிகட்' என வழங்குகிறது.

இராஜ வாய்க்கால்

இதே முறையை, வற்றாத பேராறான காவிரியிலும் நம் முன்னோர் கையாண்டனர். நாமக்கல் மாவட்டத்து ஜேடர்பாளையம் அதற்குச் சான்று. பதினேழாம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர், அங்கு அணை அமைத்து இராஜ வாய்க்காலை வெட்டுவித்தார். பரமத்திவேலூர்ப் பகுதியின் வாழைத் தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் இன்றும் அந்நீரால் செழிக்கின்றன.

பேணும் கடமை

வெள்ளம் நீரோடு மணலையும் வண்டலையும் கொண்டுவரும். அவை மதகை அடைத்தாலோ, வாய்க்கால் ஆக்கிரமிக்கப்பட்டாலோ, அணைக்கட்டு உறுதியாக நின்றும் ஏரி வறண்டே கிடக்கும். எனவேதான் பாசனம் பெறுவோர் ஒன்றுகூடித் தூர்வாரும் 'குடிமராமத்து' முறை தமிழகத்தில் நிலவியது. காலப்போக்கில் அது தளர்ந்தது. 2017ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அப்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

உங்கள் ஊர் ஏரிக்கு நீர் எவ்வாற்றிலிருந்து, எவ்வாய்க்கால் வழியாக வருகிறது என்பதை மூத்தோரிடம் கேட்டறியுங்கள். அவ்வழியை அறிந்த தலைமுறையே அதனைக் காக்க இயலும்.