அலபாமா கண்ட அஞ்சா நீதியரசர்

‘கோர்ட்டுப் படி ஏறாதே’ என்று அறிவுரை கூறும் பெரியவர்கள் நம் ஊர்களில் இன்றும் உண்டு. நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் அமெரிக்காவின் தென்பகுதியான அலபாமாவில், வேறு போக்கிடமற்ற கறுப்பின மக்கள் நம்பி ஏறத்தக்க படியாக ஒரு நீதிமன்றம் விளங்கிற்று. மாண்ட்கமரி நகரில் அம்மன்றத்தில் வீற்றிருந்தவர் பிராங்க் ஜான்சன்.

அந்நாட்டில் மாநில நீதிமன்றங்கள் வேறு, மத்திய அரசின் கூட்டாட்சி நீதிமன்றங்கள் வேறு. அலபாமாவில் மாநில நீதிபதிகள் மக்களிடம் வாக்குக் கேட்டுப் பதவிக்கு வருபவர்கள். கூட்டாட்சி நீதிபதியையோ குடியரசுத் தலைவர் நியமிக்க, செனட் சபை ஒப்புதல் தரும். நம் உயர்நீதிமன்ற நீதிபதிக்கு 62 வயதில் ஓய்வு. அவருக்கு ஓய்வு வயதே கிடையாது. பதவியிலிருக்கும் வரை ஊதியத்தைக் குறைக்கவும் இயலாது. ஆகவே அவர் வாக்காளருக்கு அஞ்ச வேண்டியதில்லை. அண்டை அயலாருக்கு அஞ்ச வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

1918-இல் வின்ஸ்டன் என்னும் மலைப்பாங்கான வட்டாரத்தில் பிறந்தவர் ஜான்சன். உள்நாட்டுப் போரின்போது, பிரிந்து செல்லும் முடிவை ஏற்க மறுத்த மண் அது. 1943-இல் சட்டப் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் காயமுற்றார். 1955-இல் ஐசன்ஹோவர் அவரை நீதிபதியாக்கியபோது வயது 37.

பதவியேற்ற சில மாதங்களிலேயே சோதனை வந்தது. பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையைத் தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானதைத் தொடர்ந்து, மாண்ட்கமரியின் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்தனர். ஆனால் பேருந்துச் சட்டத்தை வீழ்த்திய வழக்கு அவர் பெயரில் இல்லை. அரேலியா பிரவுடர் முதலிய நான்கு பெண்கள் தொடுத்தது. ‘பிரிந்திருந்தாலும் சமமே’ என்ற 1896-ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பள்ளிகளைப் பொறுத்தவரை 1954-இல் உச்சநீதிமன்றம் தள்ளியிருந்தது. பேருந்து பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அடிப்படை தகர்ந்தபின் அதன்மேல் கட்டியது மட்டும் எப்படி நிற்கும் என்பதே கேள்வி. நிற்காது என 1956 ஜூனில் மூன்று நீதிபதிகளில் இருவர் முடிவு செய்தனர். அவ்விருவரில் ஜான்சன் ஒருவர். நவம்பரில் உச்சநீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

ஜார்ஜ் வாலஸ் இவருடன் சட்டக் கல்லூரியில் பயின்றவர். 1959-இல் மாநில நீதிபதியாக இருந்த வாலஸ், வாக்காளர் பதிவேடுகளை மத்திய அரசின் ஆணையத்திடம் தர மாட்டேன் என்று மேடைதோறும் முழங்கினார். தரும்படி ஜான்சன் ஆணையிட்டார். வாலஸ் சிறை சென்று தியாகியாகலாம் என எதிர்பார்த்திருக்கக் கூடும். விசாரணையிலோ, பதிவேடுகள் வேறொரு வழியாக ஆணையத்தின் கைக்குப் போய்விட்டது தெரிந்தது. பணிந்தவரை அவமதிப்புக் குற்றத்திற்காகத் தண்டிக்க இயலாது என்று ஜான்சன் அவரை விடுவித்தார்! அந்த விடுதலையைவிடக் கடுமையான தண்டனை இருக்க முடியுமா?

1965 மார்ச் 7 அன்று, செல்மாவிலிருந்து வாக்குரிமை கேட்டுப் புறப்பட்ட ஊர்வலத்தினரை மாநிலக் காவலர்கள் பாலத்தருகே தடியால் அடித்து விரட்டினர். அப்போது ஆளுநர் அதே வாலஸ்தான். மீண்டும் நடக்க அனுமதி கேட்டு வந்தவர்களுக்கு ஜான்சன் உடனே இசையவில்லை. சாட்சியம் கேட்கும்வரை நடக்கக் கூடாதென்று தடை விதித்தார். பலர் இதனைக் குறையாகச் சொல்வர். அறிவியல் மாணவனாகிய எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. அளந்து பார்க்குமுன் விடை எழுதுவதில்லை அல்லவா? பல நாள் விசாரணை நடந்தது. தாக்குதலின் படச்சுருளையும் மன்றத்தில் திரையிட்டனர். 17-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. சாலையில் கூடி நடக்கும் உரிமையின் அளவு, எதிர்க்கப்படும் கொடுமையின் அளவிற்கு ஏற்ப இருக்க வேண்டும். இக்கொடுமையோ மிகப் பெரிது என்றார். இருவழிச் சாலையில் 300 பேருக்கு மேல் செல்லக் கூடாதென்ற வரம்பும் அதிலேயே இருந்தது. மார்ச் 21-இல் புறப்பட்டவர்கள், குடியரசுத் தலைவர் ஜான்சன் (இவருக்கு உறவினர் அல்லர்) அனுப்பிய படையின் காவலுடன் 25-ஆம் நாள் மாண்ட்கமரி சேர்ந்தனர்.

இவற்றுக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. வீட்டு முன் சிலுவை எரிக்கப்பட்டது. 1967-இல் அவருடைய தாயாரின் வீட்டில் வெடிகுண்டு வெடித்தது. அன்னையார் உயிர் தப்பினார்.

பின்னாளில் மனநல மருத்துவமனைகளின் பக்கமும் சிறைகளின் பக்கமும் அவர் கவனம் சென்றது. நோயாளியை அடைத்து வைத்தால் சிகிச்சையும் தந்தாக வேண்டும் என்றார். 1976-இல், தனி அறையில் ஒரு கைதிக்கு 60 சதுர அடியாவது வேண்டுமென எழுதினார். நீதிபதி சிறையை நிர்வகிப்பதா என எழுந்த எதிர்ப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். செய்ய வேண்டிய மாநிலம் செய்யாதிருந்ததால் வந்த வேலை அது.

1979-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கு உயர்ந்த அவர், 1999 ஜூலை 23 அன்று மறைந்தார். மாண்ட்கமரி நீதிமன்றக் கட்டிடம் 1992 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அதன் பக்கத்திலேயே இருக்கிறது பழைய கிரேஹவுண்ட் பேருந்து நிலையம். 1961-இல், பேருந்தில் சேர்ந்து பயணம் செய்து வந்த கறுப்பின, வெள்ளை இன இளைஞர்களைக் கும்பல் ஒன்று அடித்து வீழ்த்திய இடம் அது.